சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்குக் கைபேசி உதவுமா?



"சின்னப் பிள்ளைகளுக்குமா சர்க்கரை நோய் வரும்?" என்று நம்மில் பலர் இன்றும் வியப்போடு கேட்கிறோம். வயது சென்றவர்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் வருகிற நோய் என்றே அதை அறிந்திருக்கிறோம். ஆனால் பள்ளிப் பிள்ளைகளையும், நடை பழகும் குழந்தைகளையும் பிடிக்கிற வேறொரு வகை உண்டு. மருத்துவர்கள் அதை முதல் வகைச் சர்க்கரை நோய் என்கிறார்கள். சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்த நோயுள்ள 20 வயதுக்குட்பட்டோர் உலகிலேயே அதிகமாக இருந்த நாடு இந்தியா. ஏறக்குறைய 2,29,000 பேர்.

இப்பிள்ளைகளுக்கு உதவுவதற்கென்று கைபேசிச் செயலிகள் பல வந்துள்ளன. 'ஆப்' என்று பிள்ளைகள் சொல்வது இவற்றைத்தான். "பிள்ளைக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்துவிட்டால் நோய் கட்டுக்குள் வந்துவிடுமா?" என்று கேட்கிற நல்ல மனமுடையவர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. மருத்துவர்கள் அதை முறைப்படி சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது என்ன என்பதைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

நோய் செய்வது என்ன?

நம் வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அதிலுள்ள சில செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. நாம் உண்ணும் உணவு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரை உடலின் செல்களுக்குள் போக இன்சுலின் வேண்டும். முதல் வகை நோயில், கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவல் சக்தியே வழி தவறி, இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இது பெற்றோரின் குற்றமுமல்ல, இனிப்புத் தின்றதால் வந்ததுமல்ல.

இன்சுலின் இல்லாதபோது பிள்ளை எவ்வளவு சாப்பிட்டாலும் மெலிகிறது. தாகம் தீராது. அடிக்கடி சிறுநீர் கழிக்கும். படுக்கையை நனைக்கும் பழக்கத்தை விட்ட பிள்ளை மறுபடியும் நனைக்கும். கவனிக்காமல் விட்டால் இரத்தம் அமிலத்தன்மை அடைந்து, வாந்தியும் மூச்சிரைப்பும் மயக்கமும் வந்து, சில நாட்களுக்குள் உயிரே போய்விடும்.

இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் வரை இதற்கு மருந்தே இல்லை. 1922 ஜனவரி 11 அன்று கனடாவின் டொராண்டோ நகர மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக அந்த மருந்தைச் செலுத்தினார்கள். அப்போது அவன் எடை 30 கிலோகூட இல்லை. முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. மருந்தை இன்னும் சுத்திகரித்து, 23-ஆம் தேதி மறுபடி செலுத்தியபோது சர்க்கரை நன்றாக இறங்கியது. அவன் பிழைத்து, மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். பான்டிங், பெஸ்ட், காலிப் ஆகியோர் அதன் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்திற்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு வேளைச் சாப்பாட்டின் கணக்கு

இன்சுலின் வந்ததால் பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் கணையம் தானாகச் செய்துவந்த வேலை வீட்டின் தலையில் விழுந்தது. அது எப்படிப்பட்ட வேலை என்று ஓர் உதாரணத்தால் பார்க்கலாம். (இது விளக்கத்திற்கு மட்டுமே. அளவுகள் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். டாக்டர்தான் அவற்றைச் சொல்ல வேண்டும்.)

ஒரு சிறுமி மதியம் சாப்பிட உட்காருகிறாள். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை ஸ்ட்ரிப்பில் வைத்து, மீட்டரில் பார்க்கிறாள்: 220. அவளுக்கு இருக்க வேண்டியது 120. ஒரு யூனிட் இன்சுலின் அவளுக்கு 50 இறக்கும் என்று டாக்டர் கணித்திருக்கிறார். எனவே கூடுதலாக உள்ள 100-ஐ இறக்க 2 யூனிட். தட்டிலுள்ள உணவில் 45 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. 15 கிராமுக்கு ஒரு யூனிட் என்பது அவளுடைய கணக்கு. அதற்கு 3 யூனிட். ஆக மொத்தம் 5.

ஆனால் கணக்கு இங்கே முடியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன்பு பலகாரத்துக்காகப் போட்ட ஊசியில் ஒரு யூனிட் இன்னும் உடலில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அதைக் கழிக்க வேண்டும். மாலையில் விளையாட்டு வகுப்பு இருந்தால் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். இவ்வளவையும் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் அவள் வாழ்நாளெல்லாம் செய்யவேண்டும்.

கணக்கு எப்படித் தவறினாலும் தீங்குதான். இன்சுலின் கூடினால் சர்க்கரை 70-க்கும் கீழே இறங்கும். பிள்ளை வியர்த்து, நடுங்கி, வெளிறிப்போய், காரணமில்லாமல் எரிந்துவிழும். உடனே சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். கவனிக்காவிட்டால் வலிப்பும் நினைவிழப்பும் வரும். நினைவிழந்த பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்சுலின் குறைந்தால் சர்க்கரை ஏறும். ஆண்டுக்கணக்கில் ஏறியே இருந்தால் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவை கெடும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரை வைத்து நடந்து 1993-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண் நோய் வரும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. ஆனால் அதே ஆய்வில், அப்படிக் கட்டுப்படுத்தியவர்களுக்கே சர்க்கரை ஆபத்தாக இறங்குவதும் ஏறக்குறைய மும்மடங்கு ஆயிற்று. இந்த இரண்டு அபாயங்களுக்கும் நடுவேதான் இப்பிள்ளைகள் தினமும் நடக்கிறார்கள்.

டொராண்டோவில் செய்து பார்த்தார்கள்

முன்பெல்லாம் துணையாக இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம். அதில் தேதி, நேரம், சர்க்கரை அளவு, ஊசியின் அளவு ஆகியவற்றை எழுதிவைத்து டாக்டரிடம் காட்டுவார்கள். சிறு வயதில் தாய் எழுதிவிடுவாள். பிள்ளைக்கு 12, 13 வயதாகும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. அந்தப் பருவத்தில் உடலில் ஏற்படும் மாற்றங்களால் இன்சுலின் தேவை கூடுகிறது. அதே சமயம், தோழர்களுக்கு முன்னால் விரலில் குத்திக்கொள்ள வெட்கம். சோதிக்காமலே விட்டுவிட்டு, திட்டு வாங்குவோமே என்று பயந்து, நோட்டில் நல்ல எண்களாகக் கற்பனை செய்து எழுதிவிடுகிற பிள்ளைகளை மருத்துவர்கள் எங்கும் கண்டிருக்கிறார்கள்.

இன்சுலின் பிறந்த அதே டொராண்டோவில், பல்கலைக்கழக மருத்துவமனை நிபுணர்களும் பிள்ளைகள் மருத்துவமனையின் மருத்துவர்களும் சேர்ந்து இதற்கென ஒரு செயலியை உருவாக்கினார்கள். அதன் பெயர் 'பான்ட்'. பான்டிங் அவர்களின் பெயரை நினைவுபடுத்தும் பெயர்.

மீட்டரோடு இணைத்த ஒரு சிறு கருவி, சோதித்த அளவைத் தானாகவே கைபேசிக்கு அனுப்பிவிடும். எழுத வேண்டியதில்லை, கற்பனை எண்ணுக்கும் இடமில்லை. தொடர்ந்து மூன்று நாள் ஒரே வேளையில் அளவு தவறினால் செயலி அதைக் கண்டுபிடித்து, காரணம் என்னவாயிருக்கும், என்ன செய்யலாம் என்று பிள்ளையையே யோசிக்கச் சொல்லும். ஒழுங்காகச் சோதித்தால் மதிப்பெண் சேரும். சேர்ந்த மதிப்பெண்ணுக்குப் பாட்டோ விளையாட்டோ பரிசாகக் கிடைக்கும்.

12 முதல் 16 வயது வரையுள்ள 20 பிள்ளைகளிடம் இதை 12 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2012-இல் வெளியாயிற்று. நாளொன்றுக்குச் சராசரியாக 2.4 முறை சோதித்தவர்கள் 3.6 முறை சோதித்தார்கள். அதாவது பாதிக்குப் பாதி கூடியிருந்தது. தாயும் டாக்டரும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன ஒரு காரியத்தைக் கைபேசி நடத்திக் காட்டியது என்று சந்தோஷப்பட்டார்கள்.

ஆனால் அவர்கள் அத்துடன் நிறுத்திக்கொள்ளவில்லை. 11 முதல் 16 வயது வரையுள்ள 92 பிள்ளைகளைச் சேர்த்து, ஒரு பிரிவுக்குச் செயலியைக் கொடுத்து, மறு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையை மட்டும் கொடுத்து, ஓராண்டு கவனித்தார்கள். கடந்த இரண்டு, மூன்று மாதங்களில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று காட்டும் இரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. 2017-இல் வெளியான முடிவில், அந்தச் சராசரியில் இரு பிரிவுகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செயலி பெற்ற பிள்ளைகளில் நாளொன்றுக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ சோதித்தவர்களிடம் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. அவர்கள் இயல்பிலேயே கவனமுள்ள பிள்ளைகளாக இருந்திருக்கவும் கூடும்.

இது தோல்வியல்ல, நமக்கு ஒரு பாடம். காய்ச்சலை அளந்து பார்ப்பதால் மட்டும் காய்ச்சல் தணியாது. அதுபோல, எண்ணைப் பார்ப்பது வேறு, அந்த எண்ணுக்கு ஏற்றபடி செய்வது வேறு. முதலாவதில் செயலி நன்றாகக் கைகொடுக்கிறது. இரண்டாவதற்குக் கற்றுக்கொடுக்க ஒருவரும், கூடவே இருந்து நடத்த ஒருவரும் வேண்டியிருக்கிறது.

கணக்குப் போடும் செயலிகள்

மேலே சொன்ன சாப்பாட்டுக் கணக்கைத் தாமே போட்டு, இத்தனை யூனிட் என்று சொல்லிவிடும் செயலிகளும் உண்டு. இவற்றை விசேஷ எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட 46 செயலிகளைச் சோதித்து 2015-இல் அறிக்கை வெளியிட்டார்கள். அவற்றில் 31 செயலிகள் தவறான அளவைச் சொல்லக் கூடிய நிலையில் இருந்தன. பதிவு செய்கிற எண் சரிதானா என்று சரிபார்க்காதவை 42. குறையே காணப்படாத செயலி ஒன்றே ஒன்று.

22 என்று பதிய வேண்டிய இடத்தில் கைதவறி 220 என்று பதிந்தால், நல்ல செயலி "இது சரியா?" என்று கேட்க வேண்டும். கேட்காமல் கணக்குப் போட்டுக்கொடுக்கும் செயலியை நம்பி ஒரு சிறுபிள்ளைக்கு ஊசி போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எனவே ஊசி அளவைச் சொல்லும் எந்தச் செயலியையும் பிள்ளையின் டாக்டர் பார்த்துச் சம்மதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். இலவசமாகக் கிடைக்கிறது என்பதோ, பலர் வைத்திருக்கிறார்கள் என்பதோ போதாது.

இரவுக் காவல்

பெற்றோரை அதிகமாக வாட்டுவது இரவு. தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் பிள்ளைக்கே தெரியாமல் போகலாம். ஆகவே பல வீடுகளில் தாயோ தகப்பனோ நடுச்சாமத்தில் எழுந்து, தூங்குகிற பிள்ளையின் விரலில் குத்திப் பார்க்கிறார்கள்.

இதற்கு உதவியாக வந்தது தோலின்மேல் ஒட்டிவைக்கும் உணர்கருவி. முடிபோன்ற ஓர் இழை தோலுக்கடியில் இருந்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை அளவு காட்டும். ஒன்றை 10 முதல் 15 நாள் வரை வைத்திருக்கலாம். இது இரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. தோலுக்கடியிலுள்ள நீரையே அளக்கிறது. அதனால் சர்க்கரை வேகமாக மாறும்போது சில நிமிடம் பின்தங்கும். உடல்நிலைக்கும் எண்ணுக்கும் பொருத்தமில்லை என்று தோன்றினால் விரலில் குத்திப் பார்ப்பதே சரி.

தொடக்கத்தில் அந்த எண்ணைப் பிள்ளையின் அருகிலிருந்தால்தான் பார்க்க முடியும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜான் காஸ்டிக் என்ற கணிப்பொறியாளரின் நாலு வயது மகனுக்கு 2012-இல் இந்த நோய் வந்தது. பிள்ளை வெளியே இருக்கும் நேரத்தில் அவனுடைய சர்க்கரை எப்படி இருக்கிறது என்று தகப்பனுக்குத் தெரிய வழியில்லை. 2013-இல் அவர் தாமே ஒரு நிரல் எழுதி, கருவியின் எண்களை இணையத்தின் வழியாகத் தம்மிடம் வரச் செய்தார். இதை அறிந்த மற்றப் பெற்றோரும் சேர்ந்து அதை வளர்த்து, 'நைட்ஸ்கவுட்' என்ற பெயரில் யாவருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். "இனி நாங்கள் காத்திருப்பதில்லை" என்பது அந்தப் பெற்றோர் கூட்டத்தின் முழக்கம். அதற்குப் பிறகே இந்த வசதியுள்ள செயலிகளைக் கருவி நிறுவனங்களும் வெளியிட்டன.

இதிலும் ஒரு கவனம் வேண்டும். 2019 நவம்பர் 30 அன்று டெக்ஸ்காம் நிறுவனத்தின் கணினி அமைப்பில் கோளாறு ஏற்பட்டு, தொலைவிலிருந்து பார்க்கும் செயலிக்குத் தகவல் போகாமல் நின்றுவிட்டது. பிள்ளையிடமிருந்த கருவி அளவைக் காட்டியது. ஆனால் மற்ற அறையில் கைபேசியை நம்பிப் படுத்திருந்த பெற்றோருக்கு எச்சரிக்கை வரவில்லை. கைபேசி மௌனமாக இருந்ததால், எல்லாம் நலம் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எச்சரிக்கை மணி அடிக்காத இரவு, ஆபத்தில்லாத இரவாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை.

தானாக இயங்கும் பம்பு

அளவு காட்டும் கருவி, கைபேசி, இன்சுலின் பம்பு ஆகிய மூன்றையும் ஒன்றாக இணைக்கும் முறையும் வந்துவிட்டது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான செயலி, சில நிமிடங்களுக்கு ஒரு முறை சர்க்கரை அளவைப் பார்த்து, பம்பு செலுத்தும் இன்சுலினைத் தானே கூட்டியும் குறைத்தும் விடுகிறது. பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரியா, லக்சம்பர்க் ஆகிய நாடுகளில் 1 முதல் 7 வயது வரையுள்ள 74 குழந்தைகளிடம் இதைச் சோதித்து, 2022 ஜனவரியில் முடிவை வெளியிட்டார்கள். சர்க்கரை சரியான அளவுக்குள் இருந்த நேரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு மணி கூடியிருந்தது. சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அதனால் கூடவில்லை.

டொராண்டோ செயலியோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அது எண்ணைக் காட்டி, செய்யும் பொறுப்பைப் பிள்ளையிடம் விட்டது. இது எண்ணைப் பார்த்ததும் தானே செய்கிறது. ஆனாலும் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று தாய்தான் பதிய வேண்டும். பம்பின் குழாய் அடைபட்டதா, ஊசி முனை விலகிற்றா என்று பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் இந்த நோயுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இத்தகைய முறையை அரசு மருத்துவத் துறை வழங்கலாம் என்று 2023 டிசம்பரில் பரிந்துரைக்கப்பட்டது. கருவியின் செலவை அங்கே அரசு ஏற்கிறது. வசதி குறைந்த நாடுகளில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இது எட்டாத விலை.

கொடுக்கிற கைகள் கவனிக்க வேண்டியவை

இத்தகைய பிள்ளை ஒன்றுக்கு உதவ விரும்புகிறவர்கள், போன் வாங்குமுன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

முதலாவது, ஆண்டு முழுவதும் இன்சுலின் கிடைக்க வழியிருக்கிறதா? அதைக் கெடாமல் வைக்க இடமிருக்கிறதா? திறக்காத மருந்தைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். உறைய விடக் கூடாது. குளிர்பெட்டி இல்லாத வீடுகளில், ஈரமான மண்பானைக்குள் வைக்கும் எளிய முறையைப் பல நாடுகளில் கையாளுகிறார்கள். கென்யாவின் அகதி முகாமில் நிலவும் 25 முதல் 37 டிகிரி வரையிலான வெப்பநிலையை வைத்துச் செய்து 2021-இல் வெளியான ஆய்வில், திறந்த இன்சுலின் நான்கு வாரங்கள் வீரியம் குறையாமல் இருந்தது. வெயிலிலும் அடுப்பங்கரையிலும் வைத்துக் கெட்டுப்போன மருந்தை எந்தச் செயலியாலும் சரிசெய்ய முடியாது.

இரண்டாவது, ஸ்ட்ரிப்பு வாங்கப் பணம் இருக்கிறதா? போன் ஒரு முறை வாங்கும் பொருள். ஸ்ட்ரிப் தினமும் தீரும் பொருள். நாளுக்கு நான்கு என்றாலும் ஆண்டுக்கு 1,460 வேண்டும். டொராண்டோ பிள்ளைகள் 2.4-இலிருந்து 3.6 முறைக்குப் போனதைக் கணக்கிட்டால், ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 438 ஸ்ட்ரிப் அதிகம். செயலி வெற்றி பெற்றால் வீட்டின் செலவு கூடும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஸ்ட்ரிப் இல்லாத வீட்டில் செயலிக்குக் காட்டுவதற்கு எண்ணே இருக்காது.

மூன்றாவது, அந்த எண்களை யார் பார்ப்பார்கள்? செயலியின் பெரிய நன்மை, தொலைவிலுள்ள டாக்டருக்கோ பயிற்சி பெற்ற நர்ஸுக்கோ பிள்ளையின் அளவுகள் உடனுக்குடன் போய்ச் சேருவதுதான். பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனைக்கு வருகிற தாய்க்கு அது பெரிய உபகாரம். ஆனால் மறுமுனையில் அதைப் பார்த்து, "இன்றிரவு இத்தனை யூனிட் குறைத்துப் போடுங்கள், அம்மா" என்று சொல்ல ஒருவர் இருந்தால்தான் அது உபகாரமாகும். அந்த ஒருவருடைய சம்பளமும் மருத்துவ உதவியின் பகுதிதான்.

நான்காவது, பிள்ளைக்கும் தாய்க்கும் தெரிந்த மொழியில் செயலி இருக்கிறதா? இணையத் தொடர்பு இல்லாதபோதும் இயங்குமா? பிள்ளையின் விவரங்கள் பிறர் கைக்குப் போகாமல் காக்கப்படுகின்றனவா? இவற்றையும் விசாரிக்க வேண்டும். செயலி வந்த பிறகும் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடாதிருப்பது நல்லது. போனில் சார்ஜ் இறங்கிய நாளில் அதுவே உதவும்.

கடைசியாக ஒன்று. இதற்குப் பணம் வேண்டியதில்லை. அளவு கூடியிருந்தால் பிள்ளையைத் திட்டாதிருப்போம். "நல்ல சர்க்கரை, கெட்ட சர்க்கரை" என்று சொல்லாமல், "கூடியிருக்கிறது, இப்போது என்ன செய்யலாம்?" என்று கேட்போம். திட்டுக்குப் பயந்த பிள்ளை நோட்டில் பொய் எழுதும். போனையும் மறைத்து வைக்கும். பயமில்லாத பிள்ளை உள்ளதைச் சொல்லும். பள்ளி ஆசிரியருக்கும், ஞாயிறு வகுப்பு நடத்துகிறவர்களுக்கும், பக்கத்து வீட்டாருக்கும் சர்க்கரை இறங்குவதன் அறிகுறிகளைச் சொல்லிவைப்போம். அவர்கள் கையருகே கொஞ்சம் சர்க்கரையும் இருக்கட்டும்.

இன்சுலினும் ஸ்ட்ரிப்பும் கிடைத்து, கற்றுக்கொடுக்க ஒருவரும் கவனிக்க ஒருவரும் உள்ள பிள்ளைக்குக் கைபேசி நல்ல துணை. அதன் மறதியைக் குறைக்கும், தாயின் தூக்கத்தைக் கொஞ்சம் மீட்டுக்கொடுக்கும், தூரத்திலுள்ள டாக்டரைப் பக்கத்தில் கொண்டுவரும். அவை இல்லாத பிள்ளைக்கு முதலில் அவற்றைக் கொடுப்போம். போன் அதன் பிறகு வரட்டும்.